தூக்கம் திரும்பிய பிறகும் விடாத பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஏப்ரலில் அம்மா கோவிட் வார்டில் இருந்தார். ராத்திரி போன் வந்தால் எடுக்க வேண்டுமே என்று விழித்திருக்க ஆரம்பித்தேன். அம்மா நல்லபடியாக வீட்டுக்கு வந்து, பழையபடி வத்தக்குழம்பும் வைக்கத் தொடங்கிவிட்டார். நான் மட்டும் விழித்தபடியே இருந்தேன். ஒன்றரை வருடம். பிறகு சிபிடி-ஐ என்ற சிகிச்சைக்குப் போனேன். மாத்திரை இல்லாமல், படுக்கைப் பழக்கத்தையும் தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றுகிற முறை அது. எட்டு வாரத்தில் தூக்கம் வந்துவிட்டது. பயம் போக அதற்கு மேலும் ஒரு வருடம் ஆனது.

அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி மாடிப்படியிலும், ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்டிலும், மாடுங்காவில் பூ வாங்கும்போதும் தமிழில் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. நான் கணக்கு எழுதுகிறவள், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குணமாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

தூங்க நேரமும் இடமும் இருந்தும் வாரத்துக்கு 3 ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது 3 மாதமாவது நீடித்து, பகல் வேலையையும் பாதித்தால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள் மருத்துவர்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே வந்தால் ஏட்டளவில் நீங்கள் குணம்.

என் அளவுகோல் வேறு. சாயங்காலம் ஆறரைக்கு சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் பன்வெல் வண்டிக்காக நிற்கும்போது ராத்திரியைப் பற்றிய நினைப்பு வருகிறதா இல்லையா? ஒரு நாள் வாஷி வரைக்கும் போகிற தோழியோடு பேசிக்கொண்டே செம்பூரில் இறங்கி, வீட்டுக்கு வந்து சாதம் வைத்த பிறகுதான், இன்று அந்த நினைப்பே வரவில்லை என்று தோன்றியது. அன்றுதான் நான் குணமானேன். அதற்குப் பின்னும் கெட்ட ராத்திரிகள் வந்திருக்கின்றன. இந்த ஊரில் அவை வராத ஆள் யார்?

ஆறு மாதமாக நன்றாகத் தூங்குகிறேன். ஆனாலும் இருட்டினால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஏன்?

தெனாலிராமன் பூனையை நினைத்துப் பாருங்கள். ராயர் எல்லோருக்கும் பூனையும், அதற்குப் பால் கொடுக்கப் பசுவும் தந்தார். ராமன் முதல் நாளே பாலைக் கொதிக்கக் கொதிக்க வைத்தான். நாக்கு வெந்த பூனை அதற்கப்புறம் பால் கிண்ணத்தைக் கண்டாலே ஓடியது. பால் ஆறிவிட்டதா என்று அது நின்று பார்க்கவில்லை.

நமக்குப் படுக்கைதான் அந்தக் கிண்ணம். நூற்றுக்கணக்கான ராத்திரிகள் அதில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்திருக்கிறோம். தலையணை, மின்விசிறிச் சத்தம், பக்கத்து பிளாட்டில் பாத்திரம் கழுவி முடிக்கிற ஓசை எல்லாமே உடம்புக்கு அபாய மணியாகப் பதிந்துபோயின. தூக்கம் திரும்பியது மூளைக்கு ஒரு செய்திதான். உடம்பு அதை நம்ப நாளாகும். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-லேயே இதை வைத்து ஒரு சிகிச்சை அமைத்தார். தூக்கம் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போ, வராவிட்டால் எழுந்து வெளியே வா, விடிந்தால் ஒரே நேரத்தில் எழு. படுக்கையும் விழிப்பும் போட்ட முடிச்சை இப்படித்தான் அவிழ்க்க வேண்டும் என்றார். இன்றைக்கும் சிபிடி-ஐயின் முதுகெலும்பு அதுதான்.

பூனைக்கு லெக்சர் கொடுத்துப் பயனில்லை. ஆறிய பாலைத் தினமும் அதே இடத்தில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு நெஞ்சு படபடத்தால் படபடக்கட்டும். "வந்துட்டியா, உட்கார்" என்று சொல்லிவிட்டு நான் தோசை மாவைக் கரைக்கப் போய்விடுவேன். அதை விரட்டப் பார்த்தால் அது நம்மோடு மல்லுக்கட்டும். மல்லுக்கட்டுகிறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

முயற்சி செய்தால் தூக்கம் வராது என்கிறார்களே, அது எப்படி?

சிவராத்திரிக்குக் கண் விழித்திருக்கிறீர்களா? நான் மீண்ட வருடம் அத்தையோடு கோயிலில் உட்கார்ந்தேன். ஒன்றரை வருடம் தினமும் சிவராத்திரி கொண்டாடியவள், ஒரு ராத்திரி என்ன பெரிய விஷயம் என்ற திமிர். மூன்றாம் காலப் பூஜைக்குள் தூண் ஓரம் சாய்ந்து தூங்கி வழிந்தேன். அத்தை தொடையில் கிள்ளி எழுப்பினார். சுற்றிலும் பார்த்தால் பாதிக் கூட்டம் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. விழித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணைக் கட்டுகிறது. தூங்கியே தீர வேண்டும் என்று படுத்தவர்களுக்குக் கண் மூடுவதில்லை.

வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் இதையே சிகிச்சையாகச் செய்தார். தூக்கம் வராது என்று அஞ்சுகிறவரிடம், முடிந்த மட்டும் விழித்திருக்கப் பாருங்கள் என்பார். போனை நோண்டிக்கொண்டு அல்ல. இருட்டில், சௌகரியமாகப் படுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. காலின் எஸ்பி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2006-இல் இதற்கு ஒரு வரிசை சொன்னார்: முதலில் தூக்கத்தின்மேல் கவனம், அப்புறம் தூங்க வேண்டும் என்ற எண்ணம், அப்புறம் முயற்சி. தானாக நடக்கிற காரியம் அங்கேதான் நின்றுபோகிறது. படியில் இறங்கும்போது ஒவ்வொரு அடியையும் யோசித்துப் பாருங்கள், தடுக்கும்.

நேற்று ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. நோய் திரும்பிவிட்டதா?

எனக்கு வருகிற போன்களில் பாதி இதற்காகத்தான். காலை ஏழு மணிக்கு, குரல் கம்மிப்போய். பதில்: ஒரு ராத்திரியால் எதுவும் திரும்புவதில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு பயத்தில் நாம் செய்கிற காரியங்கள்தான் அதைக் கூட்டி வருகின்றன.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்கத் தூக்க ஆய்வாளர் 1987-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தூக்கமின்மைக்கு மூன்று அடுக்கு. பிறவியிலேயே உள்ள தன்மை ஒன்று. எனக்கு அது அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அவர் எலி நடந்தால் எழுந்துவிடுவார். ஆரம்பித்துவைத்த சம்பவம் ஒன்று. எனக்கு அந்த வார்டு. மூன்றாவது, அதைத் தொடரவைக்கிற பழக்கங்கள்: சீக்கிரமே படுப்பது, விடிந்த பிறகும் படுத்தே கிடப்பது, பகலில் தூங்கி ஈடுகட்டுவது. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது முழுக்க நம் கையில்.

ஆகவே, அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள். எங்கள் கட்டடத்தில் மாநகராட்சித் தண்ணீர் விடிகாலை ஐந்தரைக்கு வரும். எனக்கு அதுதான் அலாரம், கெட்ட ராத்திரிக்குச் சலுகை கிடையாது. வெளிச்சத்தில் கொஞ்சம் நடங்கள். ஆபீசுக்கு லீவு போடாதீர்கள். ராத்திரி எட்டரைக்கே பாய் விரிக்காதீர்கள். எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான். பகல் முழுக்க விழித்திருப்பதால் சேர்கிற அசதிதான் அன்றைய தூக்கத்துக்கு முதலீடு. மூளையில் அடினோசின் என்ற பொருள் மணிக்கு மணி சேர்ந்து தூக்கத்தை அழுத்துகிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினால் அந்த முதலைச் செலவழித்துவிட்டோம். முடியவே இல்லை என்றால் மூன்று மணிக்கு முன்னால் 20 நிமிடம், அவ்வளவுதான்.

இழந்த தூக்கத்தை மணிக்கு மணி திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1964-இல் சான் டியாகோவில் ராண்டி கார்ட்னர் என்ற பள்ளி மாணவன் 264 மணி நேரம் விழித்திருந்தான். அதற்குப் பின் முதல் தூக்கம் சுமார் 14 மணி நேரம்தான். ஆழ்ந்த தூக்கத்துக்கு முதலிடம் கொடுத்து மூளை தானே சரிக்கட்டிக்கொள்ளும். கணக்குக்காரியாகச் சொல்கிறேன், இவ்வளவு தள்ளுபடி கொடுக்கிற கடன்காரனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதற்காக யாரும் அந்தப் பையனைப் போலச் செய்து பார்க்க வேண்டாம். ஆபத்து என்று கின்னஸ்காரர்களே அந்தச் சாதனையைப் பதிவதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து கெட்டால் மட்டும் சிபிடி-ஐயின் பழைய அட்டவணையை எடுங்கள். உண்மையில் எவ்வளவு தூங்குகிறீர்களோ அவ்வளவு நேரம் மட்டும் படுக்கையில் இருப்பது, ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல். தூக்கம் சேரச் சேர அந்த நேரத்தைக் கூட்டுவது. வலிப்பு உள்ளவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள், வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இதை டாக்டர் இல்லாமல் தொடவே கூடாது.

எழுந்து வேறு அறைக்குப் போ என்கிறார்கள். எங்கள் வீடே ஒரு அறைதானே?

எழுதுகிறவர்களுக்கு எத்தனை அறையோ! தாராவியிலிருந்து வருகிற ஒரு அக்கா இதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் அவரிடம் "வேற ரூமுக்குப் போங்க" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டில் ஐந்து பேர் வரிசையாகப் படுக்கிறார்கள்.

விஷயம் அறையில் இல்லை, இடம் மாறுவதில் இருக்கிறது. பாயிலிருந்து எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலே அது வேறு இடம். சமையல் மேடைக்குக் கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம். அந்த அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அடுத்த நாளுக்குப் பூண்டு உரிக்கிறார். வெளிச்சம் வேண்டாம், கைக்கு வேலை, மனசுக்கு வேலை இல்லை. இதைவிட நல்ல யோசனையை எந்த நிபுணரும் எனக்குச் சொன்னதில்லை. உட்கார்ந்தபடியே தலை ஆட ஆரம்பித்தால் போய்ப் படுத்துவிடுகிறார்.

விடிகாலை மூன்று மணிக்கு டக்கென்று விழிப்பு வருகிறது...

எல்லோருக்கும் வருகிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்றுகளுக்கு இடையில் பலமுறை லேசாக விழிக்கிறோம், பெரும்பாலும் ஞாபகம் இருப்பதில்லை. ராத்திரியின் பின்பாதியில் தூக்கமே மேலோட்டம்தான். பயம் உள்ளவர் அந்த விழிப்பைப் பிடித்து வைத்து விசாரணை நடத்துகிறார்: மணி என்ன, இன்னும் எவ்வளவு பாக்கி, நாளைக்கு மீட்டிங் வேறு.

மணி பார்க்காதீர்கள். சுவர்க் கடிகாரத்தை ஹாலுக்கு மாற்றினேன், போனை அலமாரியில் வைத்தேன். அப்போதும் விடவில்லை. ரயில் சத்தம் இல்லை என்றால் ஒன்று தாண்டிவிட்டது, முதல் லோக்கல் ஓடினால் நாலு ஆகிவிட்டது என்று காது தானாகக் கணக்குப் போட்டது. மும்பையில் மட்டும் கிடைக்கிற வியாதி இது! மின்விசிறியை ஒரு நம்பர் கூட்டி வைத்துத்தான் தப்பித்தேன்.

ஜாதிக்காய்ப் பால், உள்ளங்காலில் நல்லெண்ணெய், இடது பக்கம் சாய்ந்து படுப்பது இதெல்லாம் தொடரலாமா?

பிடித்திருந்தால் குடியுங்கள். அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று தோன்றுகிற அன்று நிறுத்துங்கள். ஒரு காலத்தில் என் கைப்பையில் காதடைப்பான், கண்மூடி, லாவெண்டர் எண்ணெய், குறிப்பிட்ட ஒரு போர்வை எல்லாம் இருந்தன. திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது அந்தப் பையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மண்டபத்தில் ஜமக்காளத்தில், பெரியம்மாக்களின் குறட்டைக்கு நடுவே படுத்தேன். தூங்கினேனா? முதல் ராத்திரி மோசம், இரண்டாவது ராத்திரி பரவாயில்லை. திரும்பி வந்து அந்தப் பையை ஒவ்வொன்றாகக் காலி செய்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும்.

என் தூக்கத்துக்கு வாட்ச் 62 மார்க் போட்டிருக்கிறது. என்ன செய்ய?

கழற்றி வையுங்கள். தூக்கத்தின் நிலைகளை ஆய்வகத்தில் மூளை அலைகளை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கைக்கடிகாரம் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவர் மார்க்கைப் பார்த்துச் சோர்ந்துபோவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த மார்க் பைத்தியத்துக்கு 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பில்டர் காபி?

விடச் சொல்ல எனக்கு மனசு வராது. காபீன் அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்து அசதியை மறைக்கிறது. குடித்து சுமார் 5 மணி நேரம் கழித்தும் பாதி உடம்பில் இருக்கும், ஆளுக்கு ஆள் இது மாறும். ஐந்து மணி காபியில் பாதி பத்து மணிக்கு நம்மோடு படுக்க வருகிறது. மத்தியானம் இரண்டுக்கு மேல் நான் குடிப்பதில்லை. ஆபீஸ் கட்டிங் சாயும், அதாவது அரைக் கிளாஸ் டீயும், சேர்த்துத்தான்.

அவசரத்துக்கு ஒரு மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமா?

டாக்டர் எழுதித் தந்திருந்தால் அவரிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டு மாமி தந்த பட்டையிலிருந்து என்றால் வேண்டாம். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. எழுதிய டாக்டர் பெயரையும் வாங்குகிறவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும். காரணமில்லாமல் இவ்வளவு கெடுபிடி இல்லை.

ஏற்கெனவே தினமும் எடுக்கிறவர்கள், "இப்பத்தான் நல்லா தூங்குறேனே" என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகக் கெடும். அல்பிரசோலம் வகையில் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் வேகத்தில், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குறைக்க வேண்டும். அப்போது வருகிற கெட்ட ராத்திரிகள் மாத்திரை விடைபெறுகிற சத்தம்தான், பழைய நோய் இல்லை.

கணபதி, நவராத்திரி நாட்களில்?

திறந்தவெளி ஒலிபெருக்கிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை தடை என்று 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பண்டிகைக்காக வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவுவரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த நாட்கள் எவை என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வேன். தாஷா மேளம் ஜன்னலுக்குக் கீழே அடிக்கும்போது படுத்துக்கொண்டு கோபப்படுவதைவிடக் கீழே போய் ஆட்டம் பார்ப்பது மேல். கடைசி நாள் ஊர்வலத்துக்கு நான் போய்விடுகிறேன். அன்று ராத்திரி யாரும் தூங்குவதில்லை, நான் மட்டும் ஏன் முயல வேண்டும்?

வீட்டில் தினமும் "தூங்கினியா?" என்று கேட்கிறார்கள்.

அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே பரீட்சை முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. என் மாமியாரிடம் ஒரு நாள் சொன்னேன்: "அத்தை, தூக்கத்தைப் பத்திக் கேட்காதீங்க, காபி குடிச்சியான்னு கேளுங்க." அன்று முதல் "காபி குடிச்சியா?" என்று கேட்கிறார். அதே கவலை, அதே முகம். ஆனால் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி.

ரயிலில் நன்றாகத் தூங்குகிறேன், வீட்டில் இல்லை. இது என்ன கூத்து?

ரயிலில் தூங்கியே ஆக வேண்டும் என்று நீங்கள் உட்காரவில்லை. சிவராத்திரி பதிலைத் திரும்பப் படியுங்கள். காலை வண்டியில் கண் அசந்தால் பாதகமில்லை. சாயங்கால வண்டியில் தூங்காதீர்கள். ராத்திரிக்குச் சேர்த்த அசதியை குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே கரைக்காதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போவது?

பலத்த குறட்டையும் மூச்சு நின்று திணறி விழிப்பதும் இருந்தால் அது மூச்சுத் தடைப் பிரச்சினையாக இருக்கலாம், சிபிடி-ஐ அதைத் தீர்க்காது. படுத்தால் காலை ஆட்டியே ஆக வேண்டும் போல் குறுகுறுத்தால் இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல்வார்கள். தூக்கம் குறைந்தும் அசதியே இல்லாமல் தலைகால் புரியாத உற்சாகம் என்றால், அல்லது வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால், தள்ளிப்போடாதீர்கள். சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

இப்போது நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்?

ஒரு காலத்தில் டாலி கணக்கு ஷீட் போலத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன், மூன்று நோட்டு. போன தீபாவளிக்கு வீடு ஒழித்தபோது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். நேற்று பதினொன்றரை வாக்கில் விளக்கை அணைத்ததாக ஞாபகம். நடுவில் ஒரு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன், மழை பெய்துகொண்டிருந்தது. அப்புறம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.